உள்ளுக்குள்ள டொமினிக்

என் மனுசனுக்கு எங்கள் ஊர் தாழ்வுபாட்டில் வைத்த பட்டப்பெயர் ‘உள்ளுக்குள்ள டொமினிக்’. வைத்தவன் மில்ரன். ஒருநாள் தன் படகு எஞ்சினைத் தோளில் சுமந்து வந்து எங்கள் கொட்டிலில் இறக்கினான்.

“அண்ணை, ஸ்டார்ட் எடுக்குதில்லை. இதுவும் உள்ளுக்குள்ளதான் பிழையோ?”

“ஓம். காபரேற்றருக்குள்ள” என்றார் இவர், சிரிக்காமல். அன்றிலிருந்து சின்னப் பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

எஞ்சின் திருத்துவது அவருக்குத் தொழில். தீர்க்கதரிசிகளுக்கு விளக்கம் சொல்வது அவருக்குப் பைத்தியம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் எண்ணெய்க் கையைக் கழுவி, கொட்டிலில் ஒரு கதிரை போட்டு வேதாகமத்தை விரிப்பார். மில்ரனும் அவன் மனைவி றஞ்சிதாவும் வருவார்கள். எங்களோடு இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் பதின்மூன்று வருடம் இருந்து திரும்பிய சிவபாக்கியம் வருவா. அவ போவது பிள்ளையார் கோயிலுக்கு, ஆனாலும் வருவா. இன்னும் ஏழெட்டுப் பேர் மீன்பெட்டிகளைக் கவிழ்த்து வைத்து உட்காருவார்கள்.

“தானியேல் கண்ட கடல் இந்தக் கடல் இல்லை” என்பார். “அது உன்ர மனம். நாலு பக்கத்தாலயும் காத்து அடிக்கேக்க அதுக்குள்ள இருந்து மிருகம் ஏறி வருது. ஒண்டு பெருமை. ஒண்டு அடங்காத ஆசை. ஒண்டு பயம். கடைசியா வாற இரும்புப் பல்லுக்காரன் கோபம்.”

“எனக்கு எது அண்ணை?” என்று கேட்டான் மில்ரன்.

“உனக்கு நாலும் சேர்ந்து வந்து தவறணையில குந்தியிருக்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். றஞ்சிதா சிரிக்கவில்லை. ஆனால் அந்த வருடம் மில்ரன் குடியை விட்டான். றஞ்சிதாவின் முகத்தில் வீக்கத்தை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை. அதனால் அவர் சொன்னதெல்லாம் விசர்க்கதை என்று நான் சொல்லமாட்டேன். ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ‘உலகம் முடியப்போகுது’ என்று கத்திக்கொண்டு ஒரு வான் ஊருக்குள் வந்தபோது, பயந்துபோன சனத்துக்கு இவர்தான் சொன்னார்: “உலகம் எப்ப முடியும் எண்டு கேக்காதேங்கோ. இண்டைக்குக் காலமையிலயிருந்து உங்களுக்குள்ள எத்தினை தரம் முடிஞ்சது எண்டு கேளுங்கோ.” திருவெளிப்பாட்டில் வரும் ஏழு சபைகளும் ஒரே மனுசனுக்குள் இருக்கிற ஏழு அறைகள் என்பார். எங்கள் பங்குத்தந்தை ஒருநாள் வந்து பின்னால் நின்று கேட்டுவிட்டு, “டொமினிக், நீர் சொல்லுறது பிழையில்லை. ஆனா அது முழுக்கவும் இல்லை” என்று சொல்லிப்போனார்.

இந்த உள்ளே போகிற வேலை அவருக்கு எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியும். எங்களுக்கு ஒரே பிள்ளை, றொகான். முகாமில் பிறந்தவன். திரும்பி வரும்போது பதின்மூன்று வயது. 2008 ஆவணியில், பதினெட்டு வயதில், எஞ்சினுக்கு பிளக் வாங்க மன்னார் டவுணுக்குப் போனவனை வரும் வழியில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். பக்கத்தில் இருந்த மனுசி ஒருத்தி கண்டிருக்கிறா. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் வெளியே திரிந்தேன், இவர் உள்ளே போனார். அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்ததும், அவன் படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு வெயிலில் குந்தியிருந்ததும், மடு மாதா கோயிலுக்கு நேர்த்தி வைத்து நடந்ததும் நான். இவர் எஞ்சினைக் கழற்றுவார், பூட்டுவார், வேதாகமத்தைத் திறப்பார். ஊருக்கெல்லாம் உபதேசம், வீட்டில் பிள்ளையின் பெயர் அவர் வாயில் வராது. எனக்கு அந்த மனுசனில் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கார்த்திகை இரண்டாம் திகதி, நவம்பர் இரண்டு, இறந்த ஆத்துமாக்களின் நாள். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கோயிலில் கொடுப்பார்கள். அன்று பின்னேரம் சேமக்காலையில் கல்லறைகளுக்கு மெழுகுதிரி கொளுத்தி, பாதர் மந்திரிக்க, அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். மோட்சத்துக்குப் போக உத்தரிக்கிற ஸ்தலத்தில் காத்துக்கொண்டிருக்கிற ஆத்துமாவுக்கு அது தண்ணீர் வார்த்தமாதிரி. நான் றொகானின் பெயரை ஒருநாளும் கொடுக்கவில்லை. அவனுக்குப் பிறந்தநாள் பூசைதான். உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஒப்புக்கொடுக்கிற பூசை. பதினேழு வருடமாக நான் அந்த நாளில் சேமக்காலைக்குப் போனதுமில்லை. என் தாய் தகப்பனை இந்தியாவில் புதைத்தோம். இங்கே எனக்கு ஆள் இல்லை என்று சொல்லிவிடுவேன்.

போன ஐப்பசியில், காணாமல் போனவர்களைத் தேடுகிற கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் தீவுக்கு வெளியே, பெருநிலப் பக்கம் குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் எலும்புகள் வந்திருந்தன. அவற்றோடு கிடைத்த உடுப்பு, செருப்பு, சாமான்களை ஒரு மண்டபத்தில் ஒருநாள் பார்வைக்கு வைக்கிறார்கள், காணாமல் போனவர்களின் குடும்பங்கள் வந்து பார்க்கலாம் என்று எழுதியிருந்தது.

“நான் வரேல்ல” என்றார், கடிதத்தை மடித்தபடி.

“நீங்கள்தான் வரவேணும். செருப்பு உங்களுக்குத்தான் தெரியும்.”

அது உண்மை. றொகான் கடைசியாகப் போட்டுப்போன செருப்பின் வார் அறுந்து, இவர் செம்புக் கம்பியால் தைத்துக் கொடுத்திருந்தார். பிள்ளை செருப்பைத் தூக்கிக்கொண்டு தகப்பனிடம்தான் ஓடுவான். அந்தத் தையலை நான் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. அதற்காக என்னை நானே எத்தனை தரம் திட்டியிருப்பேன்!

“இமெல்டா, எசேக்கியேலுக்குக் காட்டின எலும்புப் பள்ளத்தாக்கு நிலத்தில இல்லை. ‘எங்கட எலும்பு காஞ்சுபோச்சு, நம்பிக்கை அத்துப்போச்சு’ எண்டு சனம் சொல்லுது எண்டு அதிலயே கிடக்குது. அந்தப் பள்ளத்தாக்கு எங்களுக்குள்ள கிடக்குது. அங்கதான் அவன் எழும்புவான். கிடங்குக்குள்ள தேடி என்ன செய்யப்போறாய்?”

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது.

“இஞ்சேருங்கோ, நானும் அந்த அதிகாரத்தை வாசிச்சனான். கடவுள் அந்த மனுசனை வீட்டில இருத்தி வைச்சு விளக்கம் சொல்லேல்ல. பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய் அந்த எலும்புகளைச் சுத்திச் சுத்தி நடக்க வைச்சவர். முதல்ல நடை, பிறகுதான் தீர்க்கதரிசனம். நீங்கள் ஒருக்காலும் நடக்காமல் உள்ளுக்குள்ள உள்ளுக்குள்ள எண்டுகொண்டு இருக்கிறீங்கள். எல்லாம் உள்ளுக்குள்ள எண்டால் என்ர பிள்ளை எங்க? சொல்லுங்கோ, எங்க?”

மறுநாள் காலை அவர் சேட்டு மாட்டிக்கொண்டு படலையில் நின்றார்.

மண்டபத்தில் நீள மேசைகள். வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு சாமானுக்கும் இலக்கம் வைத்திருந்தார்கள். எங்களைப்போல நூறு பேர் இருக்கும். நான் உடுப்பு மேசையில் நின்று பொத்தான்களைப் பார்த்தேன். அவன் போட்டுப்போனது நீலச் சேட்டு. அங்கே எல்லாம் மண் நிறம். ஒரு பொத்தானைக் கண்டதும் குனிந்து கிட்டப் பார்த்தேன், பிறகு அது பெண்பிள்ளைச் சட்டை என்று தெரிந்தது. அந்தப் பிள்ளையின் தாய் எங்கே நிற்கிறாளோ என்று நினைத்துக் கண் கலங்கினேன்.

திரும்பிப் பார்த்தால் இவர் செருப்பு மேசையில் நின்றார். அசையவில்லை. நான் கிட்டப் போனதும் சட்டென்று திரும்பி எனக்கும் மேசைக்கும் நடுவில் நின்றார்.

“வா போவம். ஒண்டுமில்லை.”

“வடிவாப் பாத்தனீங்களா?”

“பாத்தனான். எங்கட இல்லை.”

வாசலில் இருந்த கந்தோர்ப் பெண்பிள்ளை ஒரு படிவத்தில் அவர் பதிலை எழுதிக் கையெழுத்து வாங்கியது. “பத்து நாளுக்குள்ள ஏதும் ஞாபகம் வந்தா வந்து சொல்லுங்கோ ஐயா. மூண்டாம் திகதிக்குப் பிறகு ஒருத்தரும் உரிமை கேக்காத சாமான்களை முத்திரை வைச்சு மூடிப்போடுவினம். பிறகு ஆரின்ர இரத்தத்தோட ஒப்பிட்டுப் பாக்கிறது எண்டு எங்களுக்கும் தெரியாது” என்றது.

அவர் தலையாட்டினார். அப்போது பார்த்தேன். அவர் இடதுகைக்காரர். இடதுகைப் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றோடொன்று உரசித் திரும்பிக்கொண்டிருந்தன, கம்பி முறுக்குகிறமாதிரி.

நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போது எனக்குள் சந்தோசம், வெட்கமில்லாத சந்தோசம்: என் பிள்ளை அந்தக் கிடங்கில் இல்லை! ஆனால் அந்தச் சந்தோசத்துக்குள் கல் ஒன்று கிடந்தது. சோறு தின்னும்போது பல்லில் படுகிற கல். பெரிய பாலத்தைத் தாண்டும்வரை நான் அவர் கையைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வீடு வீடாக இருக்கவில்லை. கழற்றிய எஞ்சின் ஒன்று சாக்கின்மேல் அப்படியே கிடந்தது. எஞ்சின்காரன் வந்து இரண்டு தரம் சத்தம் போட்டுப் போனான். பகலில் படுக்காத மனுசன் பகலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். வெள்ளிக்கிழமை எல்லோரும் வந்து மீன்பெட்டிகளில் குந்தினார்கள். வேதாகமம் மடியில் மூடியபடி கிடந்தது.

“அண்ணை, இண்டைக்கு எந்தத் தீர்க்கதரிசி?” என்று கேட்டா சிவபாக்கியம்.

“இண்டைக்கு ஒருத்தருமில்லை. வீட்டை போங்கோ.”

“சுகமில்லையோ?”

“போங்கோ எண்டு சொல்லுறனெல்லோ!”

அந்த மனுசன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. சனம் எழும்பிப் போனது. சிவபாக்கியம் மட்டும் குசினிக்கு வந்து என் தோளில் கை வைத்து, “தங்கச்சி, அண்ணை எதையோ விழுங்கிப்போட்டு நிக்கிறார். கேளும்” என்றா. “எனக்கு வேலை கிடக்குது அக்கா” என்று சொல்லி நான் மீன் வெட்டினேன். பயம். அவர் சொன்ன மூன்றாவது மிருகம் எனக்குள்ளும் ஏறித்தான் இருந்தது.

கார்த்திகை இரண்டாம் திகதி ஞாயிற்றுக்கிழமை. வைகாசியில் என் அண்ணன் மரியதாசன் செத்திருந்தார். இந்தச் சேமக்காலையில் எனக்கு முதல் கல்லறை. காலையில் இவர் கேட்டார், “நீ பின்னேரம் போறியோ?”

“இல்லை. அண்ணனுக்கு றஞ்சிதா திரி கொளுத்துவாள்.”

“ஓம், நீ வீட்டில நில்” என்றார், அவசரமாக. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

நாலரை மணிக்கு மணி அடித்தபோது மனம் கேட்கவில்லை. கூடப்பிறந்தவனுக்கு முதல் வருடமே திரி கொளுத்தாமல் இருந்தால் நான் என்ன பிறவி? சீலையை மாற்றிக்கொண்டு ஓடினேன். சனம் நிறைந்திருந்தது. கடற்காற்றில் திரிகள் அணைய, தேங்காய்ச் சிரட்டையால் மறைத்து மறைத்துக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் மண்மேட்டில் முழங்காலிட்டேன். கோயில் பாடகர் குழுவில் இருக்கிற மதுஷிகா ஒலிவாங்கியில் பெயர்களை வாசிக்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் அவரைக் கண்டேன். சேமக்காலை நடுவில் பெரிய சிலுவை ஒன்று உண்டு. வேறு ஊரில் புதைத்தவர்களுக்கும், கடலில் போய் உடல் வராதவர்களுக்கும் அதன் அடியில்தான் திரி வைப்பார்கள். அவர் அங்கே ஒற்றைத் திரியைக் கையால் மறைத்தபடி குந்தியிருந்தார்.

“மரியதாசன்” என்று வாசித்தாள் மதுஷிகா. நான் சிலுவை அடையாளம் போட்டேன். இன்னும் நாலு பெயர் போனது. பிறகு, “கபிரியேல்.”

ஊரில் கபிரியேல் என்று ஒருத்தரும் சாகவில்லை. ஊரில் கபிரியேல் என்று ஒருத்தரும் இருந்ததுமில்லை. முகாமில் இருந்த காலத்தில், தங்கச்சிமடத்துக் கோயிலில் ஞானஸ்நானத் தொட்டியில் என் கையில் ஒரு பிள்ளை வீரிட்டு அழ, சுவாமி தண்ணீர் ஊற்றி வைத்த பெயர் அது. பதிவுக்காக வைத்த பெயர். அதற்குப் பிறகு அவனை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்தப் பெயர் தெரிந்த ஆட்கள் உலகத்தில் இரண்டே பேர்தான்.

எப்படி எழும்பினேன் என்று தெரியாது. கல்லறைகளுக்கு நடுவால் போய் அவர் முன்னால் நின்றேன்.

“யாரந்தக் கபிரியேல்?”

நிமிர்ந்து பார்த்தவர் திரியை இன்னும் இறுக்கி மறைத்தார்.

“வாயில என்ன கொழுக்கட்டையோ? கேக்கிறன், யாரந்தக் கபிரியேல்?”

“எங்கட பிள்ளை.”

“அண்டைக்குக் கண்டனீங்களா?”

“ஓம். வாரில செம்புக் கம்பி இடப்பக்கமா முறுக்கிக் கிடந்தது. நான் முறுக்கினது.”

அடித்தேன். ஓம், சேமக்காலையில், சனத்துக்கு முன்னால், கட்டின மனுசனை. மில்ரன் ஓடிவந்து என் கையைப் பிடித்தான். உதறிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தமாதிரி என் பிள்ளையின் சாவையே மறைத்துவிட்டு, பத்து நாள் என் கையால் சோறு வாங்கித் தின்றிருக்கிறார்!

“ஏன்? ஏன் சொல்லேல்ல?”

“நீ செத்துப்போவாய் எண்டு பயந்தனான். அவனைத் தேடுறதாலதானே நீ உயிரோட நிண்டனி. அதை எடுத்தா உனக்கு என்ன மிச்சம்?”

“கந்தோராக்களுக்குப் பொய் சொன்னனீங்கள். எனக்குப் பொய் சொன்னனீங்கள். பிறகென்னத்துக்கு இஞ்ச பேர் குடுத்தனீங்கள்?”

அவர் திரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “உனக்குப் பொய் சொல்லலாம் இமெல்டா. அவன் உத்தரிக்கிற ஸ்தலத்தில நிண்டு, ஒவ்வொரு வருசமும் எல்லாரின்ர பேரும் கூப்பிட, தன்ர பேர் எப்ப வரும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டால்? பதினேழு வருசம் ஒருத்தரும் கூப்பிடேல்ல. அது எனக்குத் தாங்கேலாமல் போச்சு.”

கடலும் மிருகமும் ஏழு சபையும் எலும்புப் பள்ளத்தாக்கும் மனதுக்குள் என்று ஊருக்குச் சொன்ன மனுசனுக்கு உத்தரிக்கிற ஸ்தலம் மட்டும் உள்ளே இருக்கவில்லை. அது வெளியே, தூரத்தில், தன் பிள்ளை தனியே நிற்கிற இடமாக இருந்தது. எனக்கு அவரில் இருந்த ஆத்திரம் தீரவில்லை. ஆனால் பக்கத்தில் குந்தினேன். அழுதேன். சனம் பெயர்களுக்குப் பதில் செபம் சொல்லிக்கொண்டே இருந்தது.

அழுது முடிய ஞாபகம் வந்தது. மூன்றாம் திகதி.

“எழும்புங்கோ. நாளைக்குக் கடைசி நாள். உங்கட வாயால ‘எங்கட இல்லை’ எண்டு சொன்னதால என்ர பிள்ளை பெட்டிக்குள்ள இலக்கமாக் கிடக்கிறான். நாளைக்கு மூடிப்போட்டினமெண்டால் அவனுக்கு இந்த ஊரில ஆறடி மண்ணும் இல்லை. முதல் பஸ்.”

முதல் பஸ் அரை மணித்தியாலம் பிந்தி வந்தது. பாலத்துக்கு அங்கால் மாடுகள் வீதியை மறித்து நின்றன. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் வயலுக்குத் திறந்த நாட்கள். உழவு மெசின்கள் ஊர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் நான் பல்லைக் கடித்தேன். அவர் வேதாகமம் கொண்டு வரவில்லை.

“எசேக்கியேலை ஏன் நடக்க வைச்சவர் எண்டு இப்ப விளங்குது” என்றார் ஒரு இடத்தில்.

“கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்” என்றேன். அவர் என் கையைப் பிடித்தார். நான் இழுக்கவில்லை.

கந்தோரில் அதே பிள்ளை. படிவத்தைத் தேடி எடுத்துப் பார்த்து நெற்றியைச் சுருக்கியது.

“ஐயா, அண்டைக்கு ‘இல்லை’ எண்டு கையெழுத்து வைச்சிருக்கிறீங்கள். மனிசர் அழுது அழுது, பிறகு எல்லாத்தையும் தங்கட எண்டு சொல்லுவினம். நான் என்னத்தை எண்டு எழுத?”

இவர் சட்டைப் பையிலிருந்து சாண் நீளச் செம்புக் கம்பியை எடுத்தார். மேசையில் வைத்து இடதுகையால் ஐந்து முறுக்கு முறுக்கி, நுனியை உள்ளே மடித்து, அந்தப் பிள்ளையின் முன்னால் தள்ளினார். அது எழும்பிப் போய்ச் செருப்பின் படத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக் குனிந்து பார்த்தது. கனநேரம் பார்த்தது. பிறகு பழைய படிவத்தில் குறுக்குக் கோடு போட்டுப் புதியதை எடுத்தது.

“சொல்லுங்கோ ஐயா. ஆரின்ர?”

ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்ன வாய் திறந்து மூடியது. திரும்பவும் திறந்தது.

“என்ர மகன்ரை” என்றார், மண்டபம் முழுக்கக் கேட்கிறமாதிரி. “டொமினிக் றொகான் கபிரியேல்.”

இரத்தம் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்லலாம், மாதக்கணக்கில் செல்லும், தாயின் இரத்தம் வேண்டும் என்றார்கள். உள் அறையில் தாதி ஒருத்தி என் கைக்கு ரப்பர் பட்டி கட்டினாள். பதினேழு வருடமாக அவனுக்கு ஒரு வாய் சோறு கொடுக்கவில்லை, ஒரு காய்ச்சலுக்குக் கஞ்சி வைக்கவில்லை, ஒரு சேட்டுத் தோய்க்கவில்லை. தாய் என்று நான் செய்ய அவனுக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. இன்றைக்கு ஒன்று இருந்தது.

“பயமெண்டால் மற்றப் பக்கம் பாருங்கோ அம்மா” என்றாள் தாதி.

“நீங்கள் எடுங்கோ பிள்ளை” என்றேன். “வேணுமான அளவு எடுங்கோ.”